முடியப் போகிற விடுமுறையின் பாட்டுகள்

நீங்கள் கேட்டது இது: சித்தப்பாவின் அலமாரியிலிருந்து பழைய ஆங்கிலக் கேசட்டுகள் சில கிடைத்தன, அவற்றில் ‘சம்மர்’ என்று பெயர் வைத்த பாட்டுகளே நிறைய, இந்த மே மாதம் முழுக்க அவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேற்கத்திய பாப், ராக் இசையில் கோடைக்கு ஏற்ற பழைய பாட்டுகள் இன்னும் என்னென்ன என்று. கூடவே கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். பாட்டெல்லாம் உற்சாகமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டு முடித்ததும் மனசு கனத்துப் போகிறது, 1997-இல் பிறந்த எனக்கு 1964-ஐ நினைத்து ஏன் ஏக்கம் வர வேண்டும் என்று.

பட்டியலை யார் வேண்டுமானாலும் தருவார்கள். உங்களுடைய உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்தால் பட்டியல் தானாக அமையும். நான் சென்னையில் கிட்டார் சொல்லிக்கொடுப்பவன், பல வருடங்கள் மேடைகளிலும் இந்தப் பாட்டுகளை வாசித்திருக்கிறேன். கோடை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பதே இவற்றில் ஒன்றிரண்டைத்தான். ஒரு பாட்டைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும்போது அது எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன், உங்களுக்கு வரும் கனம் உங்கள் கற்பனை இல்லை. பாட்டைச் செய்தவர்களே அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். மேற்கத்தியக் கோடைப் பாட்டுகளில் நல்லவை பெரும்பாலும் வெயிலைப் பற்றிப் பாடுவதில்லை. முடியப் போகிற ஒரு விடுமுறையைப் பற்றித்தான் பாடுகின்றன.

அவர்களுடைய கோடை எப்படிப்பட்டது என்று பார்த்தால் இது புரியும். அமெரிக்காவில் பள்ளிகள் ஜூன் வாக்கில் மூடி, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ திறக்கும். செப்டம்பரின் முதல் திங்கள்கிழமை லேபர் டே விடுமுறை. அதோடு கோடை முடிந்தது என்று ஊரே எடுத்துக்கொள்ளும். வடக்கு மாநிலங்களிலும் இங்கிலாந்திலும் வருடத்தில் பாதி நாள் குளிர், மங்கலான வெளிச்சம். ஜூன், ஜூலையில் மட்டும் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சில வாரங்கள்தான் கடற்கரை, கார், காதல், கையில் கொஞ்சம் காசு எல்லாமே. நாம் கத்திரி எப்போது முடியும் என்று காலண்டரைப் பார்ப்போம், அவர்கள் முடிந்துவிடப் போகிறதே என்று பார்ப்பார்கள். ஆனாலும் கோடையைப் பிரிவோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. வேனிலையும் நண்பகலையும் பாலைத் திணைக்குக் கொடுத்தது தொல்காப்பியம், பாலைக்கு உரியது பிரிவு. நம்முடையது வெந்துபோன வழியில் பொருள் தேடிப் போகிறவனின் பிரிவு, அவர்களுடையது பள்ளி திறந்ததும் வருகிற பிரிவு.

இந்த வகைக்கு முன்னோடியாக நான் வைப்பது எடி காக்ரன் 1958-இல் பாடிய ‘சம்மர்டைம் புளூஸ்’. மேனேஜர் ஜெரி கேப்ஹார்ட்டோடு சேர்ந்து எழுதியது. விடுமுறை வந்தும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது, கார் எடுக்க வீட்டில் அனுமதியில்லை என்று ஒரு பையன் புலம்புகிறான். முதலாளி, அப்பா, அரசியல்வாதி ஒவ்வொருவரும் கனத்த குரலில் குறுக்கே வந்து ‘முடியாது’ என்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தாளத்தை நடத்துவது கிட்டாரும் கைதட்டலும்தான். 1960-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் கார் விபத்தில் இறந்தபோது காக்ரனுக்கு வயது 21. இந்தப் பாட்டில் சோகம் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. கோடை என்பது பெரியவர்கள் பிடுங்கிக்கொள்ளக்கூடிய ஒன்று என்ற எண்ணம் இங்கே பிறக்கிறது, பின்னால் வந்த பாட்டுகளில் அதைப் பிடுங்குவது காலம்.

உங்கள் கேசட்டில் ‘அண்டர் த போர்ட்வாக்’ இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். டிரிஃப்டர்ஸ் குழு 1964-இல் பாடியது. போர்ட்வாக் என்பது நியூயார்க்கின் கோனி ஐலண்ட், நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி மாதிரி இடங்களில் கடற்கரை மணலுக்கு மேலே பலகை பாவிய நீண்ட நடைபாதை. மேலே கூட்டம் நடந்து போகும், அதன் அடியில் நிழலில் காதலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு சொல்வது அவ்வளவுதான். இதை ஜி மேஜரில் வைத்து வாசித்துப் பாருங்கள். சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்களின் கூட்டுதான் கார்டு, மேஜர் கார்டு பொதுவாக வெளிச்சமாகவும் மைனர் கார்டு மங்கலாகவும் கேட்கும். முதல் பகுதி முழுக்க ஜி, டி, சி என்று வெயில் அடித்த மாதிரி வெளிச்சமாகப் போகும். திரும்பத் திரும்ப வருகிற கோரஸ் வந்ததும், அதாவது பலகைக்கு அடியில் நுழைந்ததும், கார்டு இ மைனருக்கு இறங்கும். சந்தோஷமான இடத்தைப் பற்றிப் பாடுகிற கோரஸுக்கு மைனர் கார்டு. மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, தப்பாக வாசித்துவிட்டோமோ என்று என்னைப் பார்ப்பார்கள். தப்பில்லை, பாட்டே நிழலுக்குள் போகிறது. பின்னால் வரிவரியாக வெட்டிய காய்ந்த சுரைக்குடுவையைக் குச்சியால் சுரண்டுகிற குவீரோ வாத்தியத்தின் ஒலி மணலில் கால் தேய்வது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தப் பதிவின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அப்போது குழுவின் முதன்மைப் பாடகர் ரூடி லூயிஸ். ‘அப் ஆன் த ரூஃப்’ பாடியவர், அதுவும் கேட்க வேண்டிய கோடைப் பாட்டு. நகரத்து மொட்டைமாடியைப் பற்றியது. ‘போர்ட்வாக்’ பதிவு 1964 மே 21-க்கு ஏற்பாடாகியிருந்தது. முந்தின நாள் லூயிஸ் இறந்துபோனார். பதிவை நிறுத்தவில்லை, ஜானி மூர் பாடினார். அந்தக் குரலில் இருக்கிற நிதானத்தைக் கேட்டுப் பாருங்கள். துக்கம்தான் அப்படிப் பாட வைத்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் அப்படிச் சாதிக்க மாட்டேன். நண்பனை இழந்த மறுநாள் பாடியது என்று தெரிந்த பிறகு எனக்கு அது வேறு மாதிரி கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

சரி, மைனர் கார்டு வந்தால் சோகம் என்று விதி எழுதிவிடலாமா? கூடாது. இசை படிக்கிறவர்கள் இந்தச் சூத்திரத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அதை உடைக்க ஒரு பாட்டு போதும், ஓட்டிஸ் ரெடிங்கின் ‘டாக் ஆஃப் த பே’. ஜி, பி, சி, ஏ என்று ஆரம்பித்துக் கடைசிவரை ஒரு மைனர் கார்டுகூடக் கிடையாது, எல்லாமே மேஜர். ஆனால் அதைவிடத் தனிமையான கோடைப் பாட்டு எனக்குத் தெரியாது. 1967 கோடையில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில், சாசலிட்டோவில் ஒரு படகுவீட்டில் தங்கியிருந்தபோது அதைத் தொடங்கினார். ஜார்ஜியாவிலிருந்து வந்த மனிதர், வேலை எதுவும் ஓடாமல் கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரோடு சேர்ந்து முடித்துப் பதிவு செய்தார். சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று, விஸ்கான்சினில் விமான விபத்தில் இறந்தார். வயது 26. அலையோசையையும் கடற்பறவைகளின் குரலையும் க்ராப்பர் பிறகு சேர்த்தார். 1968-இல் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, பாடியவர் இறந்த பிறகு அங்கே முதலிடத்துக்கு வந்த முதல் பாட்டு அதுதான். கடைசியில் வருகிற சீட்டியொலியைக் கேளுங்கள். சொல்ல வேண்டிய வார்த்தை தீர்ந்துபோன மனிதன் சீட்டியடித்துக்கொண்டிருக்கிற மாதிரி மெல்ல மெல்ல மறையும். எந்தக் கார்டும் தனியாக ஏக்கத்தைத் தராது. வார்த்தை, குரலின் சாய்வு, தாளத்தின் நடை எல்லாம் சேர்ந்துதான் தருகின்றன.

அடுத்து கலிஃபோர்னியா. கோடைப் பாட்டு என்றாலே உலகம் முழுக்க நினைக்கிற அந்த ஓசை அங்கேதான் உருவானது, அதில் ஒரு பகுதி தொழில்நுட்பம். 1961-இல் கிட்டார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் ஒரு ரிவர்ப் பெட்டியை, அதாவது எதிரொலி சேர்க்கும் பெட்டியை, கொண்டுவந்தது. உள்ளே மெல்லிய நீளமான ஸ்பிரிங்குகள். கிட்டாரின் மின்னலையை ஒரு முனையில் அதிர்வாக மாற்றி ஸ்பிரிங்கில் விடுவார்கள். அது மறுமுனைவரை போய், திரும்பி, மறுபடி போய் அலைந்துகொண்டிருக்கும். மறுமுனையில் அதை எடுத்து மூல ஒலியோடு கலப்பார்கள். கிட்டார் ஸ்வரம் ஒவ்வொன்றும் தண்ணீரில் நனைந்து சொட்டுகிற மாதிரி கேட்கும். ஸ்பிரிங் ரிவர்ப் இருக்கிற பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையர் எங்காவது கிடைத்தால் அதை லேசாகத் தட்டிப் பாருங்கள், உள்ளே ஸ்பிரிங் குலுங்கி இடி இடித்த மாதிரி ஒலிக்கும். ஷான்டேஸ் குழுவின் ‘பைப்லைன்’, 1963-இல் வந்தது, இந்த ஓசைக்கு நல்ல உதாரணம். பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும்தான், ஆனால் அலை சுருண்டு வருவது தெரியும். கோடையின் ஒலி என்று நாம் நினைப்பதில் பாதி இந்த ஸ்பிரிங்தான் என்று தைரியமாகச் சொல்வேன். அலையைக் கேட்டு இந்த ஓசை வந்ததா, இந்த ஓசையைக் கேட்டுக் கேட்டு நமக்கு அலை நினைவு வருகிறதா என்றால், இரண்டாவதுக்குத்தான் என் ஓட்டு.

டிக் டேலைத் தவறவிடாதீர்கள். சர்ஃப், அதாவது கடலில் பலகைமேல் அலையேறும் விளையாட்டு, அதைச் சுற்றி வளர்ந்த சர்ஃப் கிட்டாரின் அரசர் என்று பெயர் வாங்கியவர், அப்பா வழியில் லெபனான் வம்சம். 1962-இல் அவர் வாசித்த ‘மிசர்லூ’ மத்தியதரைக் கடலின் கிழக்குப் பக்கத்துப் பழைய மெட்டு. கர்நாடக சங்கீதம் பழகிய காது உங்களுக்கு இருந்தால் முதல் சில வினாடிகளிலேயே நிமிர்ந்து உட்காருவீர்கள், ஏனென்றால் அதன் ஸ்வரக்கட்டு நம்முடைய மாயாமாளவகௌளை. சரளி வரிசையில் நாம் முதல் முதலாகப் பாடிப் பழகுகிற அதே ஏழு ஸ்வரங்கள்தான் கலிஃபோர்னியாக் கடற்கரை நடன அரங்குகளில் அதிரடி வேகத்தில் ஓடின. ராகம் அதுதான் என்று சொல்லவில்லை. கமகம் இல்லாமல், பிடிகள் இல்லாமல் வெறும் ஸ்வரங்களை வைத்து ராகம் என்று சொல்வது சரியாக இருக்காது. ஆனால் ஸ்வரங்கள் அதேதான். என் மாணவர்களில் வீணையோ வயலினோ கற்றுவிட்டு வந்தவர்களுக்கு நான் முதலில் கொடுக்கிற மேற்கத்திய மெட்டு இதுதான்.

பீச் பாய்ஸ் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஹாதோர்ன் என்ற ஊரில் 1961-இல் தொடங்கிய குழு. பிரையன், டென்னிஸ், கார்ல் வில்சன் மூவரும் சகோதரர்கள், மைக் லவ் அவர்களுடைய அத்தை மகன், அல் ஜார்டின் நண்பர். அலையேறுவதைப் பற்றிப் பாடிப் பாடி உலகப் புகழ் பெற்ற இந்த ஐவரில் ஒழுங்காக அலையேறப் போனவர் டென்னிஸ் மட்டும்தான். மெட்டுகளைக் கட்டிய பிரையனுக்குக் கடல் என்றால் பயம். ஒரு காதில் அவருக்கு ஏறக்குறைய கேட்கவே கேட்காது. கடலில் இறங்காத ஒருவர் ஒற்றைக் காதோடு வீட்டுக்குள் பியானோ முன்னால் உட்கார்ந்து, நான்கைந்து குரல்களை அடுக்கி, தான் போகாத கடற்கரையை உருவாக்கினார். அந்த அடுக்கில் மேலே பறக்கிற மெல்லிய குரல் பெரும்பாலும் அவருடையதுதான். ‘சர்ஃபின் யூஎஸ்ஏ’ (1963) மெட்டு சக் பெரியின் 1958 பாட்டு ஒன்றிலிருந்து வந்தது, அந்த உரிமை பிறகு பெரிக்கே போனது. ‘ஐ கெட் அரவுண்ட்’ (1964) அவர்களுடைய முதல் அமெரிக்க முதலிடம். இவை இரண்டும் கேசட்டில் இருக்கும்.

கேசட்டில் இல்லாமல் போகக்கூடியது ‘த வார்ம்த் ஆஃப் த சன்’. 1964-இல் வந்தது. அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட 1963 நவம்பர் நாட்களில் பிரையனும் மைக்கும் எழுதியது. செய்தி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்களா, வந்த பிறகா என்பதில் அவர்கள் சொன்ன கணக்குகள் ஒத்துப்போகவில்லை, அதனால் ‘கென்னடிக்காக எழுதிய பாட்டு’ என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். அந்தப் பாட்டின் இரண்டாவது வரியில் கார்டு எதிர்பாராத இடத்துக்கு நகரும், காலுக்குக் கீழே மணல் சரிகிற மாதிரி. காதல் போய்விட்டது, வெயிலின் இதம் மட்டும் உள்ளே மிச்சம் இருக்கிறது என்பதுதான் பொருள். நீங்கள் கேட்ட அந்தக் கனத்தின் நேர் விடை இரண்டே முக்கால் நிமிடத்தில் இதற்குள் இருக்கிறது.

டென்னிஸ் 1983 டிசம்பரில் மெரினா டெல் ரேயில் கடல்நீரில் மூழ்கி இறந்தார். பிரையன் 2025 ஜூனில் 82 வயதில் காலமானார். ஆனால் இந்தக் குழுவின் கதையில் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது 1974. அப்போது அவர்களை எல்லோரும் கடந்து போயிருந்தார்கள். அவர்களுடைய பழைய நிறுவனமான கேப்பிட்டல், அறுபதுகளின் முதல் பாதியில் வந்த பாட்டுகளைத் தொகுத்து ‘எண்ட்லெஸ் சம்மர்’ என்று ஒரு இரட்டை ஆல்பம் வெளியிட்டது. அக்டோபரில் அது அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. யோசித்துப் பாருங்கள், பாட்டுகளுக்கு வயது பத்து வருடம்தான். அதற்குள் வியட்நாம் போர், படுகொலைகள், வாட்டர்கேட் அரசியல் ஊழல் எல்லாம் வந்துபோயிருந்தன. பழைய கோடையை நினைத்து ஏங்குவதை ஒரு தேசமே வாங்கிக் கேட்டது, அதுவும் இலையுதிர் காலத்தில். பழைய பாட்டு என்ற வகையே அந்தக் காலத்தில்தான் வியாபாரமாக நிலைபெற்றது என்பது என் கருத்து. உங்கள் சித்தப்பாவின் கேசட் மாதிரித் தொகுப்புகளும் அந்த வழியில் வந்தவைதான்.

இந்தப் பாட்டுகளை அன்றைக்குக் கேட்டவர்கள் நல்ல ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கார் ரேடியோவிலும் கையடக்க டிரான்சிஸ்டரிலும்தான் கேட்டார்கள். கார்த் தொழிலின் ஊரான டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைப்பதிவு நிறுவனத்தார், பாட்டை வெளியிடும் முன் கார் ரேடியோ அளவுள்ள சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பார்கள். அதனால்தான் கைதட்டலும் கஞ்சிரா மாதிரியான டாம்பரினும் குரலும் அவ்வளவு முன்னால் நிற்கின்றன. மார்த்தா அண்ட் த வாண்டெல்லாஸ் பாடிய ‘டான்சிங் இன் த ஸ்ட்ரீட்’ (1964) அந்த ஸ்டுடியோவில் பிறந்தது. வெயில் தாங்காமல் ஊர்க்காரர்கள் தெருவில் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு நனைந்து ஆடுவதைப் பார்த்து மிக்கி ஸ்டீவன்சனுக்கு வந்த யோசனை. அவரும் மார்வின் கேயும் ஐவி ஜோ ஹண்டரும் எழுதினார்கள். அழுத்தமான அடி வேண்டும் என்று ஹண்டர் ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் அடித்தார். நடனத்துக்கு எழுதிய பாட்டை, அடுத்தடுத்த வருடங்களில் கறுப்பின மக்களின் எழுச்சிகள் நடந்தபோது தெருவுக்கு வரச் சொல்லும் அழைப்பாகவும் பலர் கேட்டார்கள். பாடியவர் அதை ஆட்டப் பாட்டு என்றுதான் சொல்லிவந்தார். இரண்டு வகையிலும் கேட்கலாம், என்னைப் பொறுத்தவரை இரண்டும் பொருந்துகிறது.

சென்னை, மதுரை வெயிலில் இருக்கிறவர்களுக்கு உண்மையிலேயே நெருக்கமான பாட்டு ஒன்று உண்டு: லவின் ஸ்பூன்ஃபுல் குழுவின் ‘சம்மர் இன் த சிட்டி’. 1966 ஆகஸ்டில் அமெரிக்காவில் முதலிடம். இதில் கடற்கரை இல்லை, நியூயார்க்கின் சூடான நடைபாதையும் பிசுபிசுப்பும்தான். பகலைப் பாடும் பகுதி மைனரில் அழுத்தமாக நடக்கும். இரவு வந்ததும் மேஜருக்குத் திறந்துகொள்ளும், யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டது போல. நடுவில் கார் ஹாரன்கள், சாலை உடைக்கிற இயந்திரத்தின் சத்தம். ‘போர்ட்வாக்’ பாட்டை நேர்த்திருப்பிப் போட்டால் இது, அங்கே நிழலுக்கு மைனர், இங்கே வெயிலுக்கு மைனர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இங்கிலாந்துப் பக்கம் மூன்று போதும். கிங்க்ஸ் குழுவின் ‘சன்னி ஆஃப்டர்நூன்’ (1966), வரி கட்டிக் கட்டிப் பணம் போய், காதலியும் போய், மிஞ்சியிருக்கிற வெயிலில் சாய்ந்து கிடக்கிற ஒரு பணக்காரனின் பாட்டு. அடியில் பேஸ், அதாவது கனத்த கீழ் ஸ்வரம், படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்கும். மங்கோ ஜெரியின் ‘இன் த சம்மர்டைம்’ (1970) அங்கே ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. மெட்டு அபாரம், ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைச் சாதாரணமாகச் சொல்லிப் போகிறது. 1992-இல் அதே பாட்டை வைத்தே குடித்து ஓட்டுவதற்கு எதிரான விளம்பரம் ஒன்றை அங்கே எடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த வரியைப் பற்றி நான் பேசாமல் விடுவதில்லை. மூன்றாவது, பீட்டில்ஸின் ‘ஹியர் கம்ஸ் த சன்’. 1969 வசந்தத்தில், அலுவலகக் கூட்டத்துக்குப் போகாமல், நண்பர் எரிக் கிளாப்டனின் தோட்டத்தில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதியது. கண்டிப்பாகச் சொன்னால் இது கோடைப் பாட்டே இல்லை, நீண்ட குளிர் விட்டுப்போவதைப் பற்றியது. ஆனாலும் சேர்க்கிறேன். ரவிசங்கரிடம் சிதார் கற்றவர் ஹாரிசன். சூரியனை மறுபடி மறுபடி அழைக்கிற நடுப்பகுதியில் தாளம் நான்கு நான்காகப் போகாமல் மூன்று மூன்றாகத் துள்ளும். கோர்வை எண்ணிப் பழகிய கைக்கு அது உடனே பிடிபடும், மேற்கத்திய டிரம்ஸ் மட்டும் பழகியவர்கள் அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளுக்கு வந்தால் ஒரு மாற்றம் தெரியும். பாட்டு கோடைக்குள் இருந்து பாடாது, திரும்பிப் பார்த்துப் பாடும். டான் ஹென்லியின் ‘த பாய்ஸ் ஆஃப் சம்மர்’ 1984 அக்டோபரில் வெளிவந்தது, அதாவது கோடை போன பிறகு. மெட்டு டாம் பெட்டி குழுவின் கிட்டார் கலைஞர் மைக் கேம்பலுடையது. அடிப்படைத் தாளம் டிரம் மெஷினில் போட்டது. காலியான கடற்கரை, காலியான சாலை. உயரத்தில் கிட்டார் வந்துபோவது எனக்குக் கடற்பறவையாகவே கேட்கும். பாதியில் ஒரு ஆடம்பரக் காடிலாக் காரின் பின்னால், அறுபதுகளின் ஹிப்பி ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ஸ்டிக்கரைப் பார்க்கிறார். அறுபதுகளின் கலகக்காரர்கள் பணக்காரர்களாகிவிட்டார்கள் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை.

அப்புறம் பிரையன் ஆடம்ஸின் ‘சம்மர் ஆஃப் 69’. நம் ஊர்க் கல்லூரி விழாக்களில் இதை வாசிக்காத ராக் குழுவைப் பார்ப்பது அபூர்வம். 1985-இல் தனிப் பாட்டு வெளியீடாக (சிங்கிள்) வந்தது. பாட்டில் வருகிறவன் அந்தக் கோடையில் குழு சேர்த்து, வேலைக்குப் போய், காதலிக்கிறான். 1959 நவம்பரில் பிறந்த ஆடம்ஸுக்கோ அந்தக் கோடையில் வயது ஒன்பது. கூட எழுதிய ஜிம் வாலன்ஸுக்குத்தான் பதினேழு. தலைப்பிலிருக்கும் எண் வருடத்தைக் குறிக்கிறது என்பார் வாலன்ஸ், ஆடம்ஸ் அதற்கு வேறு, கொஞ்சம் விவகாரமான விளக்கம் தந்திருக்கிறார். யார் சொல்வது சரி என்பதைவிட எனக்கு முக்கியமானது வேறு. உலகமே தன் இளமை நினைவாக எடுத்துக்கொண்ட ஒரு கோடை, அதைப் பாடியவருக்கே சொந்த நினைவு இல்லை. அதனால் 1997-இல் பிறந்துவிட்டு ஏன் ஏங்குகிறேன் என்று நீங்கள் கூச்சப்படத் தேவையே இல்லை.

இதற்கு உளவியல் ஆய்விலும் ஓரளவு ஆதாரம் உண்டு. மனிதர்களுக்குப் பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நடந்தவை மற்ற வயதுகளைவிட அதிகமாக நினைவில் நிற்கின்றன, அப்போது கேட்ட பாட்டும் அப்படியே. இது பலமுறை உறுதிப்பட்ட விஷயம். அதற்கு மேல், கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸல் 2013-இல் சக ஆய்வாளரோடு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இருபது வயது மாணவர்களிடம் தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளுக்கும், அறுபதுகளின் பாட்டுகளுக்கும்கூட, ஒரு தனிப் பற்று தெரிந்தது. வீட்டில் பெரியவர்கள் போட்டுக் கேட்டதுதான் கடத்திவிட்டிருக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அமெரிக்க மாணவர்களை வைத்துச் செய்தது, அதை அப்படியே நம் வீடுகளுக்குப் பொருத்துவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் சித்தப்பா இருக்கிறார். சின்ன வயதில் அவர் அறையில் அது ஓடிக்கொண்டிருந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஏங்குவது 1964 கலிஃபோர்னியாவுக்காக இல்லாமல், 2003-இல் அந்த அறையில் கழிந்த ஒரு மே மாதத்துக்காக இருக்கலாம். இது என் ஊகம் மட்டும்.

கேட்கும் வரிசை என்றால் என் யோசனை இப்படி. காலையில் ‘சம்மர்டைம் புளூஸ்’, ‘மிசர்லூ’, ‘ஐ கெட் அரவுண்ட்’. வெயில் ஏறியதும் ‘டான்சிங் இன் த ஸ்ட்ரீட்’, ‘சம்மர் இன் த சிட்டி’. மதியச் சோம்பலுக்கு ‘சன்னி ஆஃப்டர்நூன்’, ‘போர்ட்வாக்’, சீல்ஸ் அண்ட் க்ராஃப்ட்ஸ் 1972-இல் பாடிய ‘சம்மர் ப்ரீஸ்’. சாயங்காலம் ‘அப் ஆன் த ரூஃப்’ மொட்டைமாடியில்தான் கேட்க வேண்டும். இருட்டிய பிறகு ‘டாக் ஆஃப் த பே’, ‘த வார்ம்த் ஆஃப் த சன்’, ‘த பாய்ஸ் ஆஃப் சம்மர்’. எண்பதுகளின் நடனப் பாப்பில் வாம் குழுவின் ‘கிளப் டிராப்பிக்கானா’, பனானாராமா குழுவின் ‘க்ரூயல் சம்மர்’ இரண்டும் 1983, இரண்டும் நல்லவை. ஆனால் அந்த வகையில் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், என் காது கிட்டாரோடும் குரலோடும் வளர்ந்தது.

ஆன்லைனில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அறுபதுகளின் பல குழுக்கள் தங்கள் ஹிட் பாட்டுகளைப் பிற்காலத்தில், சில சமயம் பாதி ஆட்கள் மாறிய நிலையில், மறுபடி பதிவு செய்து மலிவுத் தொகுப்புகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெயரும் படமும் அதேபோல இருக்கும், டிரம்ஸ் மட்டும் புதிதாகப் பளபளக்கும், குரல் தடித்திருக்கும். பதிவான வருடத்தைப் பார்த்து மூலப் பதிவையே எடுங்கள். பீச் பாய்ஸின் அறுபதுகளின் பாட்டுகளுக்கு ஸ்டீரியோ, மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வருவது) இரண்டும் கிடைத்தால் மோனோவை எடுங்கள். பிரையன் தன் ஒற்றைக் காதால் கேட்டுச் சரிபார்த்து அனுப்பியது அதுதான். சித்தப்பாவின் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வெயிலில் காய வைக்காமல் உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நீண்ட நாள் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் போடுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள்.